கராஜில் நிற்கும் 'ஸ்பீட்ஸ்டர்' யார் செய்தது? கிட் காரின் பிறப்பிடம் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் பழைய கார் தேடிப் போகிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்தக் காரைச் சந்தித்தே தீருவார்கள். யாரோ ஒருவர் வீட்டு கராஜில், தார்ப்பாய்க்கு அடியில், குட்டையான முன்கண்ணாடியும் கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரியான உடம்புமாக ஒரு போர்ஷே ஸ்பீட்ஸ்டர் நிற்கும். விலையைக் கேட்டதுமே சந்தேகம் வந்துவிடும், அவ்வளவு மலிவு. கதவைத் தட்டினால் தகரச் சத்தம் வராது, 'டொக்' என்று ஃபைபர் சத்தம் வரும்.

அசல் ஸ்பீட்ஸ்டர் 1954 முதல் 1958 வரை மட்டும்தான் வந்தது. நியூயார்க்கில் போர்ஷே இறக்குமதி செய்துகொண்டிருந்த மேக்ஸ் ஹாஃப்மன், 3,000 டாலருக்குள் அடங்கும் எளிய கார் ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தியதில் பிறந்தது அது. பின்னாளில் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் நகல்கள் கிளம்பின. ஸ்பீட்ஸ்டர் சேர்ந்த போர்ஷே 356 வகையும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஒரே வம்சம். இரண்டுக்கும் என்ஜின் பின்னால், இரண்டிலும் ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும். அதனால் பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, மேல் உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் ஃபைபர் பாடியை உட்கார வைத்தால் ஒரு ஸ்பீட்ஸ்டர் கிடைத்துவிடும். பாடி, கதவு, கண்ணாடி, மீட்டர் எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு 'கிட்' என்று விற்ற நிறுவனங்கள் பல. பூட்டியவர்கள் வீட்டுக்காரர்கள். ஒரே நிறுவனத்தின் கிட்டை இரண்டு பேர் பூட்டினால் இரண்டு விதமான கார் வருவது அதனால்தான்.

செய்தவர் யார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். முன்கண்ணாடி உடையும் வரை ஒன்றும் ஆகாது. உடைந்த பிறகு தெரியும். கண்ணாடி, மேல்துணி, கதவு ரப்பர், பக்கத் திரை இதெல்லாம் ஒரு நிறுவனத்தின் பாடியில் பொருந்துவது இன்னொன்றில் ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கும். விற்கும்போது விலையும் பெயரைப் பொறுத்தே ஏறும், இறங்கும்.

நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு வெள்ளைக் காரை வாங்கி, மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். அந்தக் காரை வைத்தே முறையைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தில் எல்லா நிறுவனமும் போர்ஷேயைத்தான் நகலெடுத்தது. அங்கே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே முகம். நகலெடுக்கத் தேவையில்லாத இடங்களில், அதாவது அடியில், உள்பக்கத்தில், கீல் பிடித்திருக்கும் மூலையில்தான் அவரவர் கைவேலை தெரியும். வெளியே மினுமினுக்கும் பெயர்த்தகட்டை மறந்துவிடுங்கள். 'போர்ஷே' என்ற குரோம் எழுத்து காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

முதலில் காந்தமும் காகிதமும்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கதவு, முன் மூடி, பின் மட்கார்டு என்று வைத்துப் பாருங்கள். எங்குமே ஒட்டவில்லை என்றால் ஃபைபர். நண்பரின் காரில் கதவுக்குள் ஒரே ஒரு இடத்தில் ஒட்டியது. உள்ளே பதித்திருந்த இரும்புப் பட்டை அது. அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டோம். இப்படி உள்ளே புதைத்த இரும்பு எங்கே ஓடுகிறது என்பதும் பின்னால் ஒப்பிட உதவும்.

அடுத்தது டைட்டில், நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு இணையானது. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நண்பரின் டைட்டிலில் '1969 ஃபோக்ஸ்வேகன்' என்று இருந்தது. 1969இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே இதைச் செய்ததாக அவர் சில நாள் நம்பிக்கொண்டிருந்தார், பாவம். அது தானம் கொடுத்த பீட்டிலின் ஆண்டு. கிட் வாங்கிய ஆண்டும் இல்லை, பூட்டிய ஆண்டும் இல்லை. சில மாநிலங்களில் தனியாகக் கட்டிய வண்டி என்று வேறு வகையாகப் பதிவார்கள், கலிபோர்னியா காகிதத்தில் 'எஸ்.பி.சி.என்.எஸ்.' என்று வருவது அதுதான். இன்னும் சில காகிதங்களில் தைரியமாக '1957 போர்ஷே' என்றே இருக்கும். ஃபைபர் வண்டிக்கு அப்படி ஒரு காகிதம் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர் நேரில் வந்து பார்க்கும் நாளில் வம்பு. காகிதத்தில் செய்தவர் பெயர் நேரடியாக இருந்தால் அது அதிர்ஷ்டம், ஆனாலும் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

காகிதம் என்றால் டைட்டில் மட்டும் இல்லை. விற்றவரிடம் பழைய ரசீது, பூட்டும் முறைப் புத்தகம், பாகங்கள் வந்த பட்டியல், எதுவாவது அட்டைப்பெட்டியில் கிடக்கிறதா என்று கேளுங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். அதெல்லாம் குப்பை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்சீட்டு இடத்தில் இருக்கும் எண்

பீட்டிலின் அடிச்சட்டத்தின் நடுவில் முன்னிருந்து பின்னால் ஒரு மேடு ஓடும். டனல் என்பார்கள். கியர் கம்பி, கேபிள் எல்லாம் அதற்குள்தான் போகும். அதன் பின்கோடியில், பீட்டிலாக இருந்த காலத்தில் பின்சீட்டு இருந்த இடத்தில், சேஸிஸ் எண் குத்தப்பட்டிருக்கும். ஸ்பீட்ஸ்டர் நகலில் அந்த இடத்தைக் கார்ப்பெட் மூடியிருக்கும். மெதுவாக உயர்த்தி, தேங்காய் நார் மாதிரி கடினமான பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எண் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளம் தெரியும்.

நண்பரின் காரில் 119 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் வந்தது. முதல் இரண்டு இலக்கம் வண்டி வகை, 11 என்றால் சாதாரண பீட்டில். மூன்றாவது மாடல் ஆண்டு, 9 என்றால் 1969. இந்த முறை 1965 மாடலிலிருந்து வந்தது. 1970 மாடலிலிருந்து பத்து இலக்கமாகி, நான்காவது இடத்தில் எப்போதும் 2 இருக்கும். 110 2 என்று தொடங்கினால் 1970, 111 2 என்றால் 1971. மாடல் ஆண்டு என்பது அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். எண் 14இல் தொடங்கினால் அது ஃபோக்ஸ்வேகனின் இன்னொரு காரான கார்மன் கியா, அதன் தரை பீட்டிலைவிட அகலம். காகிதத்தில் உள்ள எண்ணும் இதுவும் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பொருந்தாவிட்டால் செய்தவரைத் தேடும் வேலையை ஓரம் வைத்துவிட்டு அந்தச் சிக்கலை முதலில் தீருங்கள்.

டைனமோ தாங்கிக்குக் கீழே என்ஜின் எண்ணும் இருக்கும். அதை நம்பிப் பயனில்லை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் பீட்டில் என்ஜின் கீழே வந்துவிடும், அதனால் ஐம்பது வருடத்தில் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சக்கரத்து போல்ட் எண்ணிக்கையும் அப்படியே. அமெரிக்க பீட்டிலில் 1967 வரை ஐந்து, 1968 முதல் நான்கு. ஆனால் பழைய ஐந்து போல்ட் அமைப்பும் போர்ஷே 356இன் அமைப்பும் ஒன்றேதான். போர்ஷே சக்கரம் மாட்டும் ஆசையில் புது வண்டிக்குப் பழைய பிரேக் டிரம் போட்டவர்கள் உண்டு.

அளவுநாடா

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும். பீட்டிலுக்கு இது 2,400 மில்லிமீட்டர், அசல் ஸ்பீட்ஸ்டருக்கு 2,100. ஆக, உருவம் சரியாக வர வேண்டுமானால் அடிச்சட்டத்தை 25, 30 சென்டிமீட்டர் வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். டனலின் குறுக்கே ஓடும் வெல்டிங் கோடு அந்த அறுவை சிகிச்சையின் தழும்பு. நேராக, ஒரே சீராக இருந்தால் தொழில்முறை ஆள் செய்தது. மாட்டுச் சாணம் அப்பியது மாதிரி இருந்தால் வீட்டு கராஜ் வேலை. அந்த நிலையில் ஓட்டுவதற்கு முன் ஒரு நல்ல வெல்டரிடம் காட்டிவிடுங்கள்.

இடது பக்கமும் வலது பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் சட்டம் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. செய்தவரைக் கண்டுபிடிக்க இது உதவாது, உயிரைக் காப்பாற்ற உதவும்.

எம்ஜி டிடி என்ற பழைய இங்கிலாந்துக் காரின் நகல்கள் பீட்டில் மேல் அத்தனை வந்ததன் ரகசியமும் இந்த அளவுதான். எம்ஜி டிடியின் அளவு 94 அங்குலம், பீட்டில் 94.5. வெட்டவே தேவையில்லை. உங்கள் கார் ஸ்பீட்ஸ்டர் இல்லாமல் அந்த மாதிரிப் பழைய இங்கிலாந்து உருவமாக இருந்தால், தழும்பு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடியில் படுத்து

நண்பரின் காரில் விடை கிடைத்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள், அதுவும் இரும்புச் சட்டத்துக்கு அடியில். ஃபைபர் விளிம்பில் ஜாக்கி வைத்தால் பாடி பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். கண்ணுக்குக் கண்ணாடி, பழைய துணி, ஒரு டார்ச், போன் கேமரா. முன்கோடியிலிருந்து பின்கோடி வரை, ஒரு அடிக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போங்கள். புரியாததையும் எடுங்கள், புரிவது பின்னால் வரும்.

பார்க்க வேண்டியது பீட்டில் பாகத்தை அல்ல, பீட்டிலில் இல்லாததை. ஃபைபர் பாடி வளையாமல் நிற்க ஒவ்வொரு நிறுவனமும் ஏதாவது ஒரு இரும்புச் சட்டத்தைச் சேர்த்தது. எப்படிச் சேர்த்தது என்பதில்தான் வித்தியாசம். சதுரக் குழாயா, உருட்டுக் குழாயா? வண்டியின் ஓரத்தைச் சுற்றி வருகிறதா, குறுக்கே மட்டும் போகிறதா? அடிச்சட்டத்தோடு வெல்டு செய்ததா, போல்ட்டா? பீட்டில் அடிச்சட்டமே இல்லாமல் முழுக்கத் தனிக் குழாய்ச் சட்டமா?

நண்பரின் காரில் பக்கவாட்டுத் தரையின் ஓரமாக நீள்சதுரப் பெட்டிக் குழாய் ஒன்று காரைச் சுற்றி வந்தது. ஃபுளோரிடாவில் இருந்த கிளாசிக் மோட்டார் கேரியேஜஸ், சுருக்கமாக சி.எம்.சி., தன் ஸ்பீட்ஸ்டர் கிட்டோடு கொடுத்த சட்டம் அந்த மாதிரிதான். இன்னொரு பக்கம், தனிக் குழாய்ச் சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இன்டர்மெக்கானிக்கா. ஃபிராங்க் ரைஸ்னர் 1959இல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. 1970களில் கலிபோர்னியா வந்து, 80களில் கனடாவின் வான்கூவரில் நிலைத்தது. ஆரம்பத்தில் அவர்களும் பீட்டில் அடிச்சட்டத்தில்தான் செய்தார்கள், பிறகு சொந்தச் சட்டத்துக்கு மாறினார்கள். ஆகவே பீட்டில் தரை இருப்பதால் மட்டும் இன்டர்மெக்கானிக்கா இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

தோலைத் திருப்பிப் பார்ப்பது

முன்மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் கதவின் உள்தட்டியைக் கழற்றுங்கள். ஃபைபர் பாடி அச்சுக்குள் வார்ப்பது. அச்சின் பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கரடு. அந்தக் கரட்டுப் பக்கம்தான் நமக்கு வேண்டியது. வைக்கோலைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பரப்பியது போலிருக்கிறதா, பாய் நெய்தது போல் குறுக்கும் நெடுக்குமா? மூடி வளையாமல் இருக்க உள்ளே விலா எலும்பு மாதிரி பட்டை வைத்திருக்கிறார்களா, அல்லது இரண்டாவது தட்டையே ஒட்டியிருக்கிறார்களா? மரப்பலகை எங்காவது புதைந்திருக்கிறதா? கீல் எந்தக் காரிலிருந்து கடன் வாங்கியது?

பெயின்ட் உரிந்த மூலை ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே தெரியும் அடிநிறம் அச்சிலேயே பூசி வந்த ஜெல் கோட்டின் நிறம். காரை எத்தனை முறை வேறு நிறம் அடித்திருந்தாலும் கிட் வந்த நாளின் நிறம் அது. தேய்த்துப் பார்க்கும் ஆசை வந்தால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

உள்பக்கங்களில் பென்சிலாலோ மார்க்கராலோ எழுதிய எண் இருக்கலாம். பட்டறை ஆட்கள் 'இந்தக் கதவு இந்த பாடிக்கு' என்று குறித்துக்கொள்வது வழக்கம். ரிவெட் அடித்த சின்ன அலுமினியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. டேஷ்போர்டுக்கு அடியில், முன்மூடிக்குள், என்ஜின் அறைச் சுவரில் தேடுங்கள். தகடு இல்லாமல் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும் இருந்தாலும் அதன் இடத்தையும் இடைவெளியையும் அளந்து குறியுங்கள்.

பாடி ஒன்றானால் செய்தவரும் ஒருவர்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. நிறுவனம் மூடினால் அச்சு விற்கப்படும். வாங்கியவர் வேறு பெயரில் அதே பாடியை வார்ப்பார். அனுமதி கேட்காமல் ஒருவர் பாடியின் மேலேயே அச்சு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பெயர் எத்தனை மாறலாம் என்பதற்கு ஸ்பீட்ஸ்டரைவிட நல்ல உதாரணம் நோவா. 1971இல் இங்கிலாந்தில் பீட்டில் மேல் பிறந்த அந்த கிட், அமெரிக்காவில் ஸ்டெர்லிங் ஆனது, ஆஸ்திரேலியாவில் பர்விஸ் யுரேகா ஆனது. முறையாகக் கைமாறியதிலேயே இத்தனை பெயர்.

தேதி சொல்லும் சில்லறைச் சாமான்கள்

வீடு எப்போது கட்டியது என்று தெரியாவிட்டால் ஸ்விட்ச் போர்டைப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். தானம் கொடுத்த பீட்டிலின் பாகங்களை ஒதுக்கிவிட்டு, கிட்டோடு புதிதாக வந்திருக்கக்கூடிய பாகங்களை மட்டும் எடுங்கள். விடிஓ நிறுவனத்தின் மீட்டர்களைக் கழற்றினால் பின்னால் மாதமும் ஆண்டும் சின்னதாகக் குத்தியிருக்கும். அமெரிக்காவில் விற்ற சீட் பெல்ட்டில் செய்த ஆண்டு அச்சிட்ட துணிச்சீட்டு தைத்திருக்கும், பெல்ட்டின் அடிக்கோடியில் மடிந்து கிடக்கும். முன்கண்ணாடி மூலையில் இருக்கும் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண் கண்ணாடி செய்தவரின் எண், காரைச் செய்தவருடையது இல்லை. அதை வைத்துக் குழம்பாதீர்கள்.

நண்பரின் காரில் மீட்டர் 1984, சீட் பெல்ட் 1985. ஆக 1969 பீட்டில் மேல் 1985 வாக்கில் பூட்டிய கார். ஒரு மீட்டரை மட்டும் நம்பினால் யாரோ பின்னால் மாற்றியதாக இருக்கலாம். இரண்டு மூன்று பாகம் ஒரே காலத்தைச் சொன்னால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களோடு ஒப்பிடுவது

இப்போதுதான் பெயர்ப் பட்டியல் பக்கம் போக வேண்டும். முதலிலேயே போனால் கண்ணுக்குப் பிடித்த பெயரைக் காரில் தேட ஆரம்பித்துவிடுவோம். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சி.எம்.சி., ஃபைபர்ஃபேப், இன்டர்மெக்கானிக்கா, விண்டேஜ் ஸ்பீட்ஸ்டர்ஸ், பெக். இங்கிலாந்தில் செஸில், பெல்ஜியத்தில் அபால், பிரேசிலில் என்வெமோவும் ஷமோனியும். கார் எந்த நாட்டில் முதலில் பதிவானது என்பது தெரிந்தால் பாதிப் பெயரை அடித்துவிடலாம்.

ஒப்பிட எனக்குப் பிடித்த இடம் பழைய விளம்பரங்கள். பாப்புலர் மெக்கானிக்ஸ், பாப்புலர் சயின்ஸ் இதழ்களின் பழைய பிரதிகள் கூகுள் புக்ஸில் முழுதாகவே கிடக்கின்றன. 70, 80களின் இதழ்களில் கிட் கார் விளம்பரம் நிறைய. படம் சின்னது, ஆனால் முகவரியும் மாடல் பெயரும் இருக்கும். அதைவிட உறுதியானது பூட்டும் முறைப் புத்தகம். அதில் சட்டத்தின் கோட்டோவியம் இருக்கும், உங்கள் அடிப்பக்கப் படத்தை அதன் பக்கத்தில் வைத்து ஓட்டை ஓட்டையாகச் சரிபார்க்கலாம். அதே நிறுவனத்துக் கார் வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் காரின் அழகுப் படத்தை அனுப்பாதீர்கள். அடிப்பக்கம், முன்மூடியின் உள்பக்கம், கதவுக் கீல், டேஷ்போர்டின் அடி, இந்த நான்கும் போதும். எந்தப் பெயரை எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லாமல் கேளுங்கள்.

எல்லா நகலும் இப்படி நோகடிக்காது. ஃபெராரி 308 மாதிரி இருக்கும் மெரா என்ற கார், 1987, 88இல் மிச்சிகனின் கேபக் ஊரில் கார்ப்பரேட் கான்செப்ட்ஸ் நிறுவனம் புத்தம்புது பான்டியாக் ஃபியரோக்களை மாற்றிச் செய்தது. மொத்தம் 247 கார்தான், வீட்டில் பூட்டும் கதையே இல்லை. ஸ்பீட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நண்பரின் கார் கடைசியில் சி.எம்.சி. பக்கமே வந்து நின்றது: பெட்டிக் குழாய்ச் சட்டம், 1985 என்ற காலம், பூட்டும் புத்தகத்துப் படத்தோடு ஒத்துப்போன ஓட்டைகள். ஆனால் ஒரு சிக்கல் பாக்கி. 1983இல் சி.எம்.சி. ஃபைபர்ஃபேப்பை வாங்கிவிட்டது. அதன் பிறகு ஒரே கிட் இரண்டு பெயரிலும் விற்றது. எந்தப் பெயர் போட்ட பெட்டியில் வந்தது என்பதைச் சொல்ல ரசீது வேண்டும், அது இல்லை. பாகம் வாங்க அது தேவையும் இல்லை. 'சி.எம்.சி. அல்லது ஃபைபர்ஃபேப், 1985 வாக்கில்' என்று கோப்பில் எழுதிக்கொண்டார். விற்கும்போதும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் பெயின்ட் கடைக்கு அனுப்புவதற்கு முன் முடித்துவிடுங்கள். நண்பரின் கதவுக்குள் பென்சிலில் எழுதியிருந்த இரண்டு இலக்க எண், தின்னர் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் போய்விட்டது. நல்லவேளையாக முந்தைய வாரம் எடுத்த படம் போனில் இருந்தது.